பணம் கட்டும் பக்கத்தில் ஆள் விலகுவது பற்றி

அதே தளம், அதே விலை. ஒரு நாட்டில் கார்டு போட்டு வாங்குகிறார்கள், இன்னொன்றில் கூடையை நிரப்பிவிட்டுப் பணம் கட்டும் பக்கத்தில் நழுவுகிறார்கள், தள்ளுபடி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முன்பின் தெரியாத கடை அடிமாட்டு விலை சொன்னால் சந்தேகம்தான் கூடும்.

முதல் நாட்டில் உங்களைவிட வங்கியைத்தான் நம்புகிறார்கள். பொருள் வராவிட்டால் கார்டு வழியே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பாலான பொருட்களை, வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். சட்டமே இடம் தருகிறது. இந்தப் பிடிமானம் இல்லாத சந்தையில் முழு ரிஸ்க்கும் வாங்குபவர் தலையில். சீனாவில் அலிபே என்ற ஆன்லைன் பணம் செலுத்தும் சேவை இதைத்தான் தீர்த்தது: பொருள் கைக்கு வந்ததை வாங்கியவர் உறுதிசெய்யும்வரை பணம் விற்பவருக்குப் போகாமல் அலிபேயிடமே நிற்கும்.

உங்களால் அது முடியாதென்றால் கேஷ் ஆன் டெலிவரி வையுங்கள். ஆனால் வாசலில் ‘வேண்டாம்’ என்றால் போக வர கூரியர் செலவு உங்களுடையது. அதனால் அனுப்புமுன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். விலை கூடிய பொருளுக்கு டெலிவரி கட்டணத்தை மட்டும் முன்பணமாக வாங்குங்கள். திரும்பத் திரும்ப மறுக்கும் எண்ணுக்கு இந்த வசதியை மூடிவிடுங்கள். மொத்தத் தொகை, ரிட்டர்ன் விதி, எடுத்துப் பேசும் போன் எண் மூன்றும் பணம் கட்டும் பட்டனுக்கு மேலேயே இருக்கட்டும். பிறகு ஆர்டர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பணம் வசூலான டெலிவரியை எண்ணுங்கள்.