மணல்காட்டுக்குக் காலையிலேயே போங்கள்

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் யாழ்ப்பாணம் போகிறோம். நான், கணவர், 8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 70 வயது மாமியார். மணல்காட்டு மணற்குன்றுகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஒரு மதியம் ஒதுக்கினால் போதுமா? மாமியாரால் முடியுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: மாமியாரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆனால் மதியம் வேண்டாம்.

இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன். என் அம்மா பருத்தித்துறையில் பிறந்தவர். சிங்கப்பூரிலேயே வாழ்க்கை ஓடிவிட்டது. 74 வயதில் அவரை ஊருக்குக் கூட்டிப் போனோம். மணல்காட்டை அடையும்போது மணி பதினொன்று. மணலில் கால் வைக்க முடியவில்லை. அந்தச் சூட்டில் அம்மாவை இறக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் கிட்டப் போனால் பார்ப்பாரே என்று வேனை உள்ளே விடச் சொன்னேன். பத்தடியில் சக்கரம் புதைந்தது. மீன்பிடிக்கிறவர்கள் நாலு பேர் வந்து சக்கரத்துக்கு அடியில் கிடுகு (பின்னிய தென்னோலை) போட்டுத் தள்ளிவிட்டார்கள். சின்ன வயதில் ஓடி ஏறிய குன்றை அம்மா வேன் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். அதற்கப்புறம் அவர் ஊருக்குப் போகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், விடிந்ததும் கிளம்புங்கள். யாழ்ப்பாண நகரத்தில் தங்கினால் பருத்தித்துறைக்கே 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். மணல்காடு அதையும் தாண்டி, வடமராட்சி கிழக்கில் வங்கக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. முந்தைய இரவு பருத்தித்துறைப் பக்கம் தங்க முடிந்தால் இன்னும் நல்லது. வண்டி தார் ரோட்டிலேயே நிற்கட்டும். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போங்கள். அங்கே சவுக்குத் தோப்பு இருக்கிறது, அந்த நிழலில் மாமியார் ஆற அமர உட்காரலாம்.

டிசம்பர் அங்கே வாடைக்காலம். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் பெய்யும். மார்ச் விடுமுறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். டிக்கெட் எடுத்தாயிற்றா? சரி, மணல்காட்டைக் கடைசி நாளுக்கு வைக்காமல், மழை விட்ட முதல் காலையிலேயே போய்விடுங்கள். நனைந்த மணல் கொஞ்சம் இறுகியிருக்கும், நடப்பதும் சுலபம். கடலில் மட்டும் யாரையும் இறங்க விடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். குன்றின் எந்தப் பக்கம் சரிவு மெதுவாக இருக்கிறது, எந்தப் பக்கம் செங்குத்தாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காற்று மணலைத் தள்ளி ஏற்றும் பக்கம் மெதுவாக ஏறும். உச்சியைத் தாண்டிய மணல் மறுபக்கம் 30 பாகைக்கும் சற்று கூடுதலான சரிவில் விழுந்து நிற்கும். அந்தச் செங்குத்துப் பக்கத்தில் குழி தோண்டவோ குகை குடையவோ விடக்கூடாது. உலர்ந்த மணல் ஒரு நொடியில் சரிந்து ஆளை மூடிவிடும்.

அப்புறம் கொடிகள். கரையோரம் ஊதாப்பூ பூத்துப் படர்ந்திருப்பது அடம்பன். சங்கப் பாடல்களில் வரும் அடும்பு இதுதான், இலை மான் குளம்பு போல இரண்டாகப் பிளந்திருக்கும். முள்ளுருண்டை போலக் காய்த்து காற்றில் உருண்டோடுவது இராவணன் மீசை. இவற்றின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. மிதித்து அழித்தால் அந்த இடத்தில் காற்று பள்ளம் பறித்துவிடும். எனவே ஏற்கெனவே ஆள் நடந்த தடத்திலேயே ஏறுங்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இந்தக் கரையையும் அடித்தது. கடல் ஏறி வரும்போது ஊருக்கு முன்னால் நிற்பது இந்த மேடுதான். குடிதண்ணீரும் இதற்குள்தான் இருக்கிறது. மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மிதந்து தங்கும். கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பது அதனால்தான்.

பழைய அந்தோணியார் கோவிலின் இடிந்த சுவர்கள் மணலுக்கு நடுவே நிற்கின்றன, பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள். வல்லிபுர ஆழ்வார் கோவில் பக்கத்தில்தான். அதுவும் மணல்வெளிக்குள் இருக்கும் கோவில், மாமியாருக்கு அந்தக் காலை நிறைவாக இருக்கும். திரும்பும் வழியில் பருத்தித்துறை வடை வாங்க மறக்காதீர்கள்.

கேள்வி: மணல்காட்டிலிருந்து ஒரு போத்தல் மணல் கொண்டு வரலாமா? பள்ளிச் செயல்திட்டத்துக்கு மகள் கேட்கிறாள்.
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: வேண்டாம், ஐயா. வடமராட்சி கிழக்கில் மணல் அள்ளுவது பல வருடத்துப் பிரச்சினை. டிராக்டர் டிராக்டராக ஏற்றிப் போகிறார்கள், ஊர்க்காரர்கள் எதிர்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சுதந்திரத்தின்போது 580 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த சிங்கப்பூர் கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730ஐத் தாண்டியிருக்கிறது. அதற்குக் கொட்டிய மணலில் பெரும்பகுதி அடுத்த நாடுகளிலிருந்து வந்தது. அந்த நிலத்தில் வாழும் நாம் இன்னொரு கரையிலிருந்து ஒரு பிடிகூட எடுக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

மகளை ஒரு சனிக்கிழமை சாங்கி கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். அதே அடம்பன் கொடி அங்கேயும் படர்ந்திருக்கும். இலையை வரையட்டும், கொடி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று கயிறு பிடித்து அளக்கட்டும். மணல்காட்டுக்குப் போனால் அங்கும் அளந்து வரட்டும்.