கூடலூரிலிருந்து காடு படிக்கக் கனடா வருபவருக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வரும் செப்டம்பரில் வான்கூவர் வந்து, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்கை வளப் பாதுகாப்பு இளநிலைப் படிப்பில் சேரப் போவதாக எழுதியிருந்தீர்கள். முதுமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காடு படிக்கக் கனடா போவானேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். அங்கே என்னதான் கற்பிக்கிறார்கள், ஊர் திரும்பினால் அது பயன்படுமா என்பவை உங்கள் கேள்விகள். கோத்தகிரியில் பிறந்து, இதே துறையில் படித்து, இந்த மாகாணத்திலேயே வேலை பார்த்துக் குடியமர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

யானையையும் கரடியையும் நினைத்துக்கொண்டு வந்தால் முதலாண்டிலேயே சலித்துப் போவீர்கள். சூழலியல், மண்ணியல், புள்ளியியல், கணினி வரைபடம் எல்லாம் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு வான்கூவரை அடுத்த மேப்பிள் ரிட்ஜ் ஊர் அருகே ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் சொந்த ஆய்வுக்காடும் உண்டு. ஆனால் ஒரு நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்கு, எந்த அளவீட்டை வைத்து, எந்தச் சட்டத்தின்கீழ் என்ற கேள்வியில்தான் இப்படிப்பின் பெரும்பகுதி போய் முடிகிறது. அந்தக் கேள்வியோடு வளர்ந்தவர் நீங்கள் என்பதால்தான் கூடலூர்க்காரருக்கு இது பொருந்தும் என்கிறேன்.

ஜன்மம் என்ற பரம்பரை நில உடைமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் சட்டமும், அதன் 17ஆம் பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலங்களைப் பற்றிய தீராத வழக்கும் உங்கள் ஊர்த் தேநீர்க் கடைப் பேச்சு. கூடலூர்ப் பகுதியில் நடந்த மரவெட்டுக்கு எதிராக கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் சென்றதன் விளைவாகத்தான், நில உரிமையாளர் யாராயினும் காடாக உள்ள நிலம் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்ற 1996 டிசம்பர் உத்தரவு நாடு முழுமைக்கும் வந்தது. இங்கும் அதே கேள்விதான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறத்தாழ 94 விழுக்காடு நிலம் மாகாண அரசின் பெயரில் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளப்படாமலேயே முதற்குடியினரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. 2014இல் முதற்குடியினரில் ஒரு பிரிவான சில்கோத்தின் மக்களின் நிலவுரிமையைக் கனடிய உச்ச நீதிமன்றம் ஏற்ற பிறகு, இங்கே முதற்குடியினரை ஒதுக்கிவிட்டு எந்தக் காட்டுத் திட்டத்தையும் தீட்ட முடிவதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் பழங்குடிகளான பணியர்களும் காட்டுநாயக்கர்களும் மனு எழுதிக் காத்திருப்பதைக் கண்ட ஒருவருக்கு, இந்த வகுப்பில் புதிதாக அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. ஒப்பிட்டுக் கேள்வி கேட்க நிறைய இருக்கும். கேளுங்கள், பேராசிரியர்கள் அதை விரும்புவார்கள்.

ஊருக்கு எது திரும்பி வரும், எது வராது என்பதற்கு ஒரு செடியைச் சொல்கிறேன். ஊட்டிப் பக்கத்துப் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஸ்காட்ச் புரூம் புதரைப் பார்த்திருப்பீர்கள். கிராண்ட் என்ற குடியேறி 1850 வாக்கில் கொண்டுவந்து விதைத்த அதே செடி வான்கூவர் தீவின் தென்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். பெரிய புதரை வேரோடு பிடுங்கினால் கிளறப்பட்ட மண்ணில் அவ்வளவும் முளைத்துவிடும் என்பதால், பூக்கும் பருவத்தில் தரையோடு ஒட்ட வெட்டச் சொல்கிறார்கள். வெட்டிய பின் வரும் கோடை வறண்டிருப்பதால் அடிக்கட்டையும் காய்ந்துவிடுகிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மலையில் இந்த நாட்காட்டி செல்லாது. வெட்டுவதற்கு முன் அளப்பது, வெட்டாத துண்டு ஒன்றை ஒப்பீட்டுக்காக விட்டுவைப்பது, பிறகும் பல ஆண்டுகள் அதே இடத்துக்கு வந்து அளப்பது ஆகிய முறைதான் செல்லும். வெளியிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரத்தை வெட்டிச் சாய்த்துப் படம் எடுத்தவுடன் நம் மலைக்கே உரிய சோலைக்காடு திரும்பிவிட்டதாக எண்ணும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பது என் கருத்து. அதே நிலத்தில் சீகைக் கன்றுகள் அடர்ந்து முளைப்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

வேலையைப் பொறுத்தவரை, பட்டம் மட்டும் போதாது. இந்த மாகாணத்தில் வனவியலாளரும் உயிரியலாளரும் சட்டப்படி பதிவு பெற வேண்டிய தொழிலினர்; அப்பதிவுக்கு எந்தப் பாடங்கள் கணக்கில் வரும் என்பதை முதலாண்டிலேயே பார்த்துத் தேர்ந்தெடுங்கள், இறுதியாண்டில் பார்ப்பவர்கள் கூடுதல் பருவத்துக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். கோடைக்காலக் களப்பணிகள் பெரும்பாலும் ஓட்டுநர் உரிமம் கேட்கும். புறப்படுவதற்குள் கார் ஓட்டப் பழகிவிடுங்கள், இங்குள்ள காட்டுச் சாலைகளில் மரலாரிகளுக்கு வாக்கிடாக்கியில் எந்தக் கிலோமீட்டரில் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது 2024 நவம்பரில் வந்த விதி. இவை அடிக்கடி மாறுவதால் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கனடிய மத்திய அரசு வேலைகளில் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோருக்கும் முன்னுரிமை என்பதால், தேசியப் பூங்கா வேலையை நம்பித் திட்டமிட வேண்டாம். மழையைப் பற்றிக் கூடலூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. டிசம்பரில் மாலை நான்கேகாலுக்கே சூரியன் மறைந்துவிடுவதுதான் பழகச் சற்று நாளாகும்.

ஊர் திரும்பி இந்திய வனப்பணித் தேர்வு எழுதும் எண்ணமிருந்தால் இப்போதே ஒன்றைக் கவனியுங்கள். அத்தேர்வுக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், புள்ளியியல் போன்ற குறிப்பிட்ட பாடங்களில் ஒன்றாவது பட்டத்தில் இருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். இயற்கை வளப் பாதுகாப்பு என்ற பட்டப்பெயர் அப்பட்டியலில் இல்லை. வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்றும் பெற வேண்டும். வனப்பணிதான் குறி என்றால், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் இளநிலை முடித்துவிட்டு, ஆய்வு உதவித்தொகையுடன் முதுநிலைக்கு இங்கே வருவதே செலவுக்கும் நல்லது என்பேன். குறி அதுவல்ல, ஆய்வோ நில மேலாண்மையோ என்றால் தயங்காமல் வாருங்கள். முதல் பருவத்துக்கு எந்தப் பாடங்களைப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று எழுதினால், தொழிற்பதிவுக்கு எவை உதவும் என்று பார்த்துச் சொல்கிறேன்.