தோட்டத்துக்குக் கிரய ஒப்பந்தம் எழுதும் முன்

காங்கயத்திலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம்.

மகளை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கத் தோட்டத்தில் இரண்டு ஏக்கருக்கு விலை பேசிவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஒப்பந்தம் எழுதுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

முகவர் கொடுத்ததாக நீங்கள் அனுப்பிய கல்லூரிக் கையேட்டை இரண்டு முறை படித்தேன். ‘பன்னாட்டுக் கூட்டுத் திட்டம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது: முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு நாட்டில், மீதி இன்னொரு நாட்டில். உங்களுக்குப் பெருமையாகத் தெரிந்த அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டில் படித்தவர் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய வேண்டுமானால், படிப்பும் பயிற்சியும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே கல்லூரியில் நடந்திருக்க வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதங்கள், ஆங்கில வழியில். அதற்குமேல் அங்கேயே 12 மாதங்கள் பயிற்சி மருத்துவராக வேலை. படித்த நாட்டில் அந்நாட்டவரைப் போலவே மருத்துவம் பார்க்கும் உரிமையையும் அந்தப் பட்டம் தர வேண்டும். பிறகு இங்கே 300 கேள்விகள் கொண்ட தகுதித் தேர்வு. தேற 150 மதிப்பெண். அதன்பின் இங்கும் ஓராண்டுப் பயிற்சி. அந்தக் கையேடு முதல் நிபந்தனையிலேயே தவறுகிறது. முகவர் என்ன உறுதி கொடுத்தாலும் விதி மாறாது.

பன்னாட்டு ஒத்துழைப்பு உண்மையில் எப்படி இருக்கும் என்பதைக் கோவை பீளமேட்டிலேயே பார்க்கலாம். பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள, மருத்துவக் கல்வியை மேம்படுத்தும் ஃபைமர் (FAIMER) அமைப்பும் சேர்ந்து 2007-இல் ஒரு மண்டல மையம் தொடங்கின. அங்கே பாடம் படிப்பவர்கள் மருத்துவப் பேராசிரியர்கள். எப்படிக் கற்பிப்பது, மாணவரின் திறமையை எப்படி அளப்பது என்று கற்றுக்கொண்டு தங்கள் கல்லூரிக்குத் திரும்புகிறார்கள். பயன் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. இன்னொன்றும் உண்டு. உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு 2023-இல் நம் ஆணையத்துக்குப் பத்து ஆண்டு அங்கீகாரம் அளித்தது. பெருந்துறையிலோ சேலத்திலோ படித்த பெண்ணும் பிற்பாடு அமெரிக்க உரிமத் தேர்வுகளை எழுதலாம். வெளிநாடு போவதற்கு முதல் பட்டத்தையே அங்கே வாங்க வேண்டும் என்பதில்லை.

கையேட்டில் மனித உருவ பொம்மைகளில் பயிற்சி தரும் கூடத்தின் படமும் இருக்கிறது. அது நல்ல வசதிதான். ஊசி போடவும் மூச்சுக்குழாய் செருகவும் பொம்மையில் பத்து முறை தவறலாம், நோயாளியிடம் ஒரு முறைகூடத் தவறக் கூடாது. ஆனால் பொம்மை பேசாது. ‘கிறுகிறுப்பாக வருகிறது’ என்று ஒரு பாட்டி சொன்னால், சர்க்கரை இறங்கியதா, ரத்த அழுத்தமா, காலையிலிருந்து சாப்பிடவில்லையா என்று பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே எந்தக் கல்லூரியானாலும் அதன் மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள், தினமும் எத்தனை புறநோயாளிகள் என்று கேளுங்கள். நோயாளிகள் என்ன மொழி பேசுகிறார்கள், அதை மாணவருக்கு யார் கற்றுத்தருகிறார்கள் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நீட் தேர்வை இன்னொரு முறை எழுதினால் ஓர் ஆண்டு வீணாகும் என்கிறீர்கள். இந்தக் கையேட்டை நம்பிப் போனால் ஐந்தாறு ஆண்டுகளும் தோட்டமும் போகலாம். என்னைக் கேட்டால் அந்த ஓர் ஆண்டைக் கொடுப்பேன். இருந்தாலும் முடிவு சொல்ல வேண்டியவள் உங்கள் மகள். அவள் என்ன நினைக்கிறாள் என்று உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அடுத்த முறை அவளையே எழுதச் சொல்லுங்கள்.