அந்த 6,500 ரூபாயை எடுத்து உள்ளே வையுங்கள்

தண்டையார்பேட்டை வாசகி ஒருவரின் கேள்வி: "அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் பில்லிங் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். 2020 ஊரடங்கிலிருந்து வீட்டில்தான் வேலை. இரவு 7 முதல் அதிகாலை 4 வரை ஷிப்ட். ஒரு ஹால், ஒரு சமையலறை. மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். இரண்டு மாதமாகத் தவறுகள் கூடிவிட்டன, ஐடில் டைம் (கணினியில் எதுவும் அசையாத நேரம்) அதிகம் என்று டி.எல். (டீம் லீடர்) மெயில் போடுகிறார். இதற்கிடையில் தெருவில் தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், பகலில் வீட்டிலேயே ஃபார்ம் ஃபில்லிங் செய்தால் மாதம் 25,000 என்கிறார். பதிவுக் கட்டணம் 6,500. மாறிவிடலாமா, இல்லை இதையே ஒழுங்காகச் செய்ய வழி உண்டா?"

முதலில் அந்த 6,500 ரூபாயை எடுத்து உள்ளே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வேலை கொடுப்பவர் நமக்குப் பணம் தருவார், நம்மிடம் வாங்க மாட்டார். பதிவு, பயிற்சி, சாஃப்ட்வேர், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கதை ஒன்றுதான். பணம் கட்டியதும் மங்கலான படங்களாக ஐந்நூறு பக்கம் அனுப்புவார்கள். ஏழு நாளில் டைப் அடிக்க வேண்டும், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் கண் எரிய அடித்து முடிப்பீர்கள். ஏழாம் நாள் லாகின் வேலை செய்யாது, அல்லது உங்கள் மார்க் தொண்ணூறு என்று வரும். அவர்கள் தொழிலே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒப்பந்தத்தையும் ஆதாரையும் காட்டி, நஷ்டஈடு கட்டு என்று வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ் வரும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் அப்படி ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். முத்திரை, கையெழுத்து, கீழே சிவப்பு எழுத்தில் '420 பிரிவில் கைது'. அவருக்கு வேலை கொடுத்ததாகச் சொன்னதே 2025-இல். இந்தியத் தண்டனைச் சட்டமோ 2024 ஜூலை 1-ஆம் தேதியே போய்விட்டது. அதற்குப் பிந்தைய மோசடிக் குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு. அதுவும் போகட்டும், டைப்பிங்கில் தவறு விட்டதற்காக யாரையும் போலீஸ் பிடித்துப் போகாது. அந்தப் பெண் பயந்து போய் இரண்டு தவணை கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். அரை மணி நேரம் தாமதித்தாலும் பணம் கை மாறிவிடும். புகார் கொடுக்கப் போனால் 'சைபர் கிரைமுக்குப் போங்க' என்பார்கள், அங்கே போனால் 'உங்க ஏரியா ஸ்டேஷன்' என்பார்கள். எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஏமாந்தவரை இப்படி அலைய விடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். தவறுகள் எந்த மணியில் நடக்கின்றன என்று ஏழு நாள் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மணிக்கு மேல்தான் இருக்கும். நாலு மணிக்கு லாகவுட், ஆறு மணிக்குத் தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளுக்கு டிபன், ஒன்பதரைக்குப் படுக்கை. மின்வாரியப் பராமரிப்பு நாளென்றால் ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை ஃபேனும் ஓடாது. 'அவ வீட்டுலதானே இருக்கா' என்று கடைக்குப் போவது, கேஸ் வாங்குவது எல்லாம் உங்கள் தலையில். நாலு மணி நேரத் தூக்கத்தில் யாராக இருந்தாலும் மாடிஃபையரை, அதாவது பில்லில் சிகிச்சைக் கோடோடு சேர்க்கும் குறியீட்டை, மாற்றித்தான் போடுவார்கள். காலை வேலையைக் கணவரும் மாமியாரும் எடுத்துக்கொள்ளட்டும். நாலரைக்குப் படுத்தால் பதினொன்றரை வரை உங்களை எழுப்பக் கூடாது. கரன்ட் நிறுத்தும் அறிவிப்பு வந்தால் அன்றைக்கு அக்கா வீட்டிலோ அம்மா வீட்டிலோ போய்த் தூங்குங்கள்.

உட்காரும்போது திரையை யாரும் பார்க்காதபடி முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, மோடத்துக்கு இல்லை; அதற்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, ஒன்று வாங்கிவிடுங்கள்.

வீட்டில் இடமில்லை என்று கேட்பவர்களுக்கு நான் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தைச் சொல்வேன். 2024 நவம்பரில் திறந்தது, குறைந்த கட்டணம், மேசையும் நெட்டும் உண்டு. உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்கள் திரையில் இருப்பது நோயாளியின் பெயர், பிறந்த தேதி, வியாதி. அமெரிக்காவில் 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் அதைக் காக்கிறது. உங்கள் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஒப்பந்தம் போட்டிருக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தாலே தப்பு. 'ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேனே' என்றாலும் கூடாது. கம்பெனி எழுத்தில் அனுமதி தந்தால் மட்டும் போகலாம், டி.எல். போனில் 'பரவாயில்லை' என்று சொன்னது அனுமதி ஆகாது. பயிற்சி வகுப்பு, நோயாளி விவரமே இல்லாத மீட்டிங் என்றால் அங்கிருந்து சேரலாம், அதுவும் பில்லிங் சாஃப்ட்வேரைத் திறக்காமல்.

ஐடில் டைமுக்காக மவுஸைத் தானாக அசைக்கும் கருவியை யாராவது விற்க வந்தால் விரட்டுங்கள். வேலை செய்வதாக இப்படிப் போலியாகக் காட்டியதற்காக வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024-இல் பத்துப் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. முடிந்த க்ளைமை (இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் பில்லை) எண்ணாமல் மவுஸ் அசைந்ததா என்று எண்ணும் நிர்வாகம் எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் நெட் போன நேரமும் சில சாஃப்ட்வேரில் ஐடிலாகவே விழும். அதனால் நெட் அறுந்தால் அப்போதே போனிலிருந்து டி.எல்.லுக்கு ஒரு வரி: '10.40-க்கு நெட் போனது, 10.55-க்கு வந்தேன்.'

ஏழு நாள் கணக்கு கையில் வந்ததும் ஷிப்ட் தொடங்கும்போதே மெயில் போடுங்கள்: 'என் தவறுகளில் இத்தனை ஒரு மணிக்கு மேல் நடந்தவை. மூளை கேட்கும் டினையல் வேலையை (இன்ஷூரன்ஸ் மறுத்த க்ளைம்களை) 9.30 முதல் 1 வரை செய்கிறேன், வழக்கமான என்ட்ரியை அதன் பிறகு வைத்துக்கொள்கிறேன். இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஆடிட் மார்க்கைப் பேசலாமா?' கெஞ்சவும் வேண்டாம், வீட்டுக் கதையும் வேண்டாம். அனுப்பிய தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மெயிலைச் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு மட்டும் செய்துவிடாதீர்கள், கம்பெனி விவரம் வெளியே போனதாகிவிடும்.