பழைய டர்ன்டேபிள்: “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற ரசீது கடைக்காரரைக் காப்பாற்றுமா?

கேள்வி: மதுரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். அப்பா சேர்த்து வைத்த எல்.பி. இசைத்தட்டுகளைக் கேட்பதற்காக, சென்னையில் ஒரு பழைய பொருள் கடையில் வாட்ஸ்அப் வழியே பேசி 9,500 ரூபாய்க்கு ஜப்பானிய டர்ன்டேபிள் ஒன்றை 12 நாட்களுக்கு முன் வாங்கினேன். “வீட்டு கரண்டிலேயே சரியான வேகத்தில் ஓடும், ஊசி புதியது” என்று கடைக்காரர் எழுதியிருந்தார். மெஷினின் பின்புறத் தகட்டில் 100 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கிறது. உடன் அனுப்பிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டினால் பாட்டு இழுக்கிறது. ஒலி மிகக் குறைவு, இரைச்சலும் வருகிறது. ரசீதைக் காட்டி, திரும்பப் பெற மறுக்கிறார்.

பதில்: ரசீதின் அந்த வரி கடைக்காரருக்குக் கவசம் ஆகாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதில் கெடு எதுவும் இல்லையெனில் அதற்கான காலம் 30 நாட்கள். விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் பிரிவு 15 கூறுகிறது. பழைய பொருள் என்பதால் இதற்கு விலக்கில்லை. (கடைக்காரராக இல்லாமல், தம் வீட்டுப் பொருளை விற்ற தனிநபராக இருந்திருந்தால், நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்திருக்கும்.)

உங்கள் புகார்களில் வேகமே வலுவானது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மின்சாரத்தின் அதிர்வெண்ணையே பின்பற்றும் மோட்டார் என்றால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வர வேண்டிய தட்டு ஏறக்குறைய 28 சுற்றுதான் வரும், மூன்று நிமிடப் பாடல் மூன்று நிமிடம் 36 வினாடி ஓடும். தட்டில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, பக்கத்தில் கடிகாரம் தெரியும்படி ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, பின்புறத் தகட்டையும் படமெடுத்து வையுங்கள். ஊசி தேய்ந்ததா என்பதை விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஒலிக் குறைவையும் இரைச்சலையும் கடைக்காரருக்கு அனுப்பும் நோட்டீஸில் சேர்க்காதீர்கள். ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜிலிருந்து வரும் மிகச் சிறிய மின்குறியைப் பெருக்க ஃபோனோ பிரீ-ஆம்ப் தேவை. எர்த் வயரை ஆம்பிளிஃபயரில் பொருத்தாவிட்டால் இரைச்சல் வரத்தான் செய்யும். இவை பெரும்பாலும் பொருத்தும் முறையைச் சார்ந்தவை. இவற்றைச் சேர்த்தால், “இயக்கத் தெரியாதவர்” என்று எதிர்த்தரப்பு உங்கள் புகார் முழுவதையும் தள்ளிவிட வழி கிடைக்கும்.

இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, பொருளை ஏற்க மறுப்பதாகத் தெரிவித்துப் பணத்தைக் கேளுங்கள். பயனில்லையெனில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரளிக்கலாம், அல்லது நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றபடி புல்லியை (மோட்டாரில் உள்ள சிறு சக்கரத்தை) மாற்றித் தருவதாக யாரேனும் சொன்னாலும் இப்போது மாற்றாதீர்கள், ஏனெனில் பொருளில் கைவைத்துவிட்டால் அதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே கடைக்காரர் வாதிடுவார்.