அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: வலி மாத்திரை பற்றி வாசகர் கேள்விகள்

மூட்டுவலிக்கு எலும்பு டாக்டர் ஜீரோடால்-பி கொடுத்திருக்கிறார். பல்வலிக்குப் பல் டாக்டர் காம்பிஃப்ளாம் எழுதினார். வலி வேறு வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துப் போடலாமா?
- வாசகி, கோவில்பட்டி

போடக்கூடாது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஜீரோடால்-பியில் இருப்பது அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. காம்பிஃப்ளாமில் இருப்பது ஐபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. அசிக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் ஒரே குடும்பத்து மருந்துகள். இரண்டையும் போட்டால் வலி இரண்டு மடங்கு குறைந்துவிடாது. வயிற்றுப்புண்ணுக்கும் சிறுநீரகக் கோளாறுக்குமான ஆபத்துதான் கூடும். மாத்திரைக்கு எந்த டாக்டர் எந்த வலிக்குக் கொடுத்தார் என்பது தெரியாது. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கத்தான் போகும். ஒன்றே போதும், அது பல்லுக்கும் கேட்கும், மூட்டுக்கும் கேட்கும். எதை நிறுத்துவது என்பதை இருவரில் ஒரு டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இதற்கிடையில் காய்ச்சல் வந்து டோலோ 650-யும் (அதுவும் பாராசிட்டமால்தான்) போட்டால், பாராசிட்டமாலும் இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே போகும். அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

நம்மூர் மெடிக்கல் ஷாப்களில் அட்டையை நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று வெட்டித் தருகிறார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் கடையில் இருக்கும் துண்டோடு நின்றுவிடும். பெயர் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கவரின் மேல் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘உடம்பு வலிக்கு ஒரு வேளைக்கு’ என்று பெயரில்லாமல் கலந்து தரும் மாத்திரைகளை வாங்கவே வேண்டாம்.

கால் சுளுக்கிக்கொண்டது. ஐபுப்ரோஃபென் போட்டேன், கேட்கவில்லை. எப்படிப் போட்டால் கேட்கும்?
- வாசகர், கரூர்

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200 அல்லது 400 மி.கி. வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் ‘கேட்கவில்லை’ என்று இன்னொன்று போடுவதுதான் பலரும் செய்கிற தவறு. ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு முதல் எட்டு மணி நேரம் இருக்கட்டும். டாக்டரைப் பார்க்காமல் போடுவதானால் ஒரு நாளில் 1,200 மி.கி.யைத் தாண்டக் கூடாது, அதாவது 400 மி.கி. மாத்திரை மூன்று.

வலி ஒரு வேளையிலேயே குறையலாம். வீக்கம் அப்படி வடியாது, இரண்டு மூன்று நாள் நேரம் தவறாமல் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். அந்தந்த நேரத்து வலிக்கு ஒன்று, மறுநாள் ஒன்றுமில்லை, அதற்கடுத்த நாள் இரண்டு என்று போட்டால் வீக்கம் அப்படியே நிற்கும். சாப்பிட்டவுடன் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடுங்கள். டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. போட்ட கையோடு படுக்காதீர்கள், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஐந்து நாளில் சரியாகவில்லை என்றாலோ, காலை ஊன்றி நாலு அடி நடக்க முடியவில்லை என்றாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது, ஊசி போட்டுக்கொண்டால் அந்தப் பிரச்சினை இல்லை என்கிறார்களே?
- வாசகர், விருத்தாசலம்

இந்த நம்பிக்கையால் ஆபத்தில் சிக்குபவர்கள் அதிகம். வயிற்றின் உட்சுவரைத் தன் அமிலத்திடமிருந்து காப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் குடும்பத்து வலி மருந்து இரண்டு இடத்திலும் அவற்றின் உற்பத்தியைத் தடுக்கிறது. இது ரத்தத்தின் வழியே நடப்பதால் இடுப்பில் ஊசியாகப் போட்டாலும் வயிற்றின் காப்பு போய்விடும்.

60 வயது தாண்டியவர்கள், ஏற்கெனவே அல்சர் வந்தவர்கள், ஸ்டீராய்டு அல்லது ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வலி மாத்திரைக்கு முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ‘கேஸ் மாத்திரை’ தேவை என்றால் ஓமிப்ரசோல் 20 மி.கி. அல்லது பான்டோப்ரசோல் 40 மி.கி., காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. ஜெலுசில் வகை மருந்து எரிச்சலை அடக்குமே தவிர, புண் வராமல் காக்காது. மலம் தார் போலக் கறுத்து வந்தாலோ, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற துகளோ தெரிந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பலருக்கு வயிற்று வலியே இல்லாமல் ரத்தம் கசியும்.

அப்பாவுக்கு 68 வயது. டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சேர்ந்த பி.பி. மாத்திரை, எக்கோஸ்பிரின் 75 (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின்) சாப்பிடுகிறார். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கலாமா?
- வாசகி, வேலூர்

நீங்களாகக் கொடுக்காதீர்கள். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயைச் சுருங்காமல் வைத்திருப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். வலி மாத்திரை அதைக் குறைக்கிறது. டெல்மிசார்டான் ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தமே இல்லாமல் போகும். சித்திரை வெயிலிலோ வயிற்றுப்போக்கின்போதோ சில நாளிலேயே கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறிவிடலாம். பி.பி.யும் ஏறும்.

எக்கோஸ்பிரினை இதய நோய்க்காகச் சாப்பிடுகிறார் என்றால் டைக்ளோஃபெனாக் அறவே வேண்டாம், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும். ஐபுப்ரோஃபெனும் சரியில்லை, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களில் ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். முதலில் பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதற்கும் டாக்டரைக் கேளுங்கள்.

காய்ச்சலோடு உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. காம்பிஃப்ளாம் போடலாமா?
- வாசகர், மதுரை

டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. தட்டணுக்கள் குறையும் நேரத்தில் இவை ரத்தக் கசிவை மோசமாக்கும். பாராசிட்டமால் மட்டும் போடுங்கள், கஞ்சி, இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் நிறையக் குடியுங்கள். சிக்குன்குனியா என்று நீங்களே முடிவு செய்துகொள்வதும் ஆபத்து, தொடக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மாதவிலக்கு வலிக்கு மெஃப்டால் ஸ்பாஸ் போடுகிறேன். சில மாதம் கேட்கிறது, சில மாதம் கேட்பதில்லை.
- வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் போடும் நேரத்தைக் கவனியுங்கள். கருப்பையை இறுக்கிப் பிடிக்க வைப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். இந்த மருந்து புதிதாக அது சுரப்பதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே சுரந்ததை அழிக்காது. துடித்த பிறகு போட்டால் அதனால்தான் பலன் குறைகிறது. உதிரப்போக்கோ வலியோ தொடங்கும்போதே சாப்பிட்டுவிட்டு முதல் மாத்திரையைப் போடுங்கள். டாக்டர் சொன்ன இடைவெளியில் தொடர்ந்து, இரண்டு, மூன்று நாளோடு நிறுத்திவிடுங்கள். இதில் உள்ள மெஃபெனாமிக் ஆசிட் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையைத் தரலாம் என்று 2023 நவம்பரில் இந்தியன் பார்மகோப்பியா கமிஷன் எச்சரித்தது. மாத்திரை போட்ட சில வாரங்களுக்குள் காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கரு உண்டாகியிருக்க வாய்ப்பு இருந்தால் இதைத் தொடாதீர்கள்.

டைக்ளோஃபெனாக் ஜெல் பூசியும் முழங்கால் வலி குறையவில்லை.
- வாசகி, காரைக்குடி

பெரும்பாலும் அளவு போதாமல்தான். ஒரு முழங்காலுக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும், அரைநெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு மூன்று, நான்கு வேளை முட்டியைச் சுற்றி முழுக்கப் பூச வேண்டும். 30 கிராம் ட்யூப் ஒரு காலுக்கு ஐந்து நாளுக்கு மேல் வருகிறது என்றால் பூசியது குறைவு. புண்மேல் வேண்டாம், பூசிய இடத்தில் ஒத்தடமும் வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் பார்க்காமல் ‘பலனில்லை’ என்று விடாதீர்கள்.

வீட்டில் மிஞ்சிய டைக்ளோஃபெனாக் ஊசி மருந்தை நொண்டும் மாட்டுக்குப் போடலாமா?
- வாசகர், சத்தியமங்கலம்

வேண்டாம், கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவது 2006-லேயே தடை செய்யப்பட்டது. அது போட்ட மாடு செத்து, அதைத் தின்னும் பாறு கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து அவை கூட்டமாக மடிந்தன. தமிழ்நாட்டில் அவை எஞ்சியிருப்பது உங்கள் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளில்தான். கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகம் கேளுங்கள். அது மாட்டுக்கும் கேட்கும், கழுகுகளுக்கும் கெடுதல் செய்யாது.