தாய்மாமன் மணமும் ஒரு புரதமும்

அன்புள்ள ஐயா,

என் தங்கையின் மூன்று வயது மகளுக்கு, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ரெட் நோய்க்குறி என்று மதுரை மருத்துவர் சொல்லிவிட்டார். பேசிய சொற்களை ஒன்றரை வயதில் மறந்தவள், இப்போது ஓயாமல் கைகளைப் பிசைகிறாள். 'எம்.இ.சி.பி.2 மரபணுவில் பிழை' என்கிறது அறிக்கை. தங்கையை எங்கள் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்ததன் வினை என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா?

ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்த நோயைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. நெருங்கிய உறவில் மணப்பதால் கூடும் ஆபத்து, தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரு மரபணுவின் பழுதுபட்ட பிரதி வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்களுக்கு உரியது. எம்.இ.சி.பி.2 எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே பெண் குழந்தைக்கு நோய் வரும். அந்தப் பிழையும் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளிடமும் புதிதாக, பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது நேர்வது. (இதைப் படித்துவிட்டுப் பழியை உங்கள் மாமா தலையில் ஏற்றிவிடாதீர்கள், அது எவர் செயலும் அன்று.)

உங்கள் ஊர்க் கண்மாய்ப் பாசனத்தில் எந்த வயலின் வாய்மடையை எவ்வளவு நேரம் திறப்பது என்று பார்ப்பவர் நீர்பாய்ச்சி. டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களின் வேலையும் ஏறக்குறைய அதுவே. இம்மரபணு உருவாக்கும் புரதம், டி.என்.ஏ.வில் மீத்தைல் என்னும் சிறு வேதிக்குறி விழுந்த இடங்களைக் கண்டு பற்றி, மரபணுக்களை அடக்கும் வேறு புரதங்களை அங்கே வரவழைக்கிறது. ஆயிரக்கணக்கான மரபணுக்களை அது முற்றிலும் மூடுவதில்லை. ஒவ்வொன்றையும் சிறிதளவே கூட்டிக் குறைக்கிறது. பிறந்தபின் நரம்பணுக்கள் முதிர முதிர அவற்றில் இப்புரதம் பெருக வேண்டும்; பிழையால் அது போதாமல் போவதால்தான், குழந்தை தொடக்கத்தில் நன்றாக வளர்ந்து பிறகு பின்வாங்குகிறாள். அளவு மிஞ்சினாலும் கேடுதான்: இம்மரபணு இரட்டித்துவிட்ட ஆண் குழந்தைகளுக்கு வேறொரு கடுமையான வளர்ச்சிக் குறைபாடு வருகிறது.

ஆஸ்திரிய மருத்துவர் ஆந்திரேயாஸ் ரெட் 1966இல் விவரித்த இந்நோயின் மரபணுவை மரபியல் ஆய்வாளர் ஹூடா ஸோக்பியின் ஆய்வகம் 1999இல் கண்டறிந்தது. பிரிட்டன் மரபியலாளர் ஏட்ரியன் பேர்டின் குழு 2007இல், நோயுற்ற எலிகளில் அந்த மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தபோது அறிகுறிகள் பெருமளவு மறைந்தன. நரம்பணுக்கள் அழிந்துபோவதில்லை, முறை தவறியே இயங்குகின்றன என்று அது காட்டியதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். எலியில் நடந்ததைக் குழந்தைக்கான மருந்தாகச் சொல்லி எவரேனும் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

தங்கை மறுபடி கருவுற எண்ணினால், அதற்கு முன்பே அவரது இரத்தத்திலும் இப்பிழை உண்டா என்று மரபியல் ஆலோசகரிடம் பார்த்துக்கொள்ளட்டும். இல்லையென்றாலும் சிறிதளவு வாய்ப்பு எஞ்சியிருப்பதால், கருவிலேயே சோதிக்கும் வழியையும் கேட்கலாம்.